தெற்கே ஓடைக்கு வடக்கு

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
12-1-2010

அன்புள்ள அண்ணனுக்கு வசந்தா எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் சுகம். கோத்தகிரிக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? நாகராஜ் ஆறாம் வகுப்புப் போகிறான். கணக்கு மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது.

அண்ணா, நான் வீடு வாங்கப் போகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள், விழுந்து வைக்காதீர்கள்! பதுளைத் தேயிலைத் தோட்டத்தில் லயம், கப்பலில் வந்து இறங்கி மண்டபத்தில் கேம்ப், கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் குவார்ட்டர்ஸ், சுனாமி அலைக்குப் பிறகு இங்கே தகரக் கொட்டகை, இப்போது ரஹ்மத்துன்னிசா அக்கா வீட்டில் வாடகை. எங்கே போனாலும் ஒருநாள் யாராவது வந்து எழுந்து போ என்று சொல்லிவிடுகிறார்கள். இனி ஒருத்தன் என்னை அப்படிச் சொல்லக் கூடாது.

ஷீலா போனதற்குச் சர்க்கார் கொடுத்த பணம் ஐந்து வருடமாகப் பேங்கில் கிடக்கிறது. அதில் டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று இருந்தேன். வீடென்றால் தொடலாம் என்று இப்போது மனசு சொல்கிறது.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியக் கூடாது. உங்கள் மாப்பிள்ளை சிரிக்கிறார். "அந்தமான்ல இருந்துக்கிட்டு கடல் தெரியாத வீடா? மெயின்லேண்டுக்கு டிக்கெட் எடுடி" என்கிறார்.

நீங்கள் ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவர். எப்படி வாங்குவது, என்ன பார்ப்பது என்று விளக்கமாக எழுதுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு பிள்ளையின் பெயரில் வீடு வாங்க முடியுமா?

பதிலை எதிர்பார்க்கும்
வசந்தகுமாரி


கோத்தகிரி
2-2-2010

என் தங்கச்சி வசந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலிக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. அண்ணி மங்கையர்க்கரசிக்கு இருமல் நின்று, பேச்சு தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை பழனியாண்டியின் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நல்ல முடிவு. அந்தப் பணம் சும்மா கிடப்பதை விட வீடாக நிற்கட்டும். அதைப் பற்றி மேலே ஒன்றும் எழுதவில்லை.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். சொல்வதைக் கேள். விற்கிறவன் என்ன பேசினாலும் காதில் வாங்காதே, காகிதம் பேசுவதை மட்டும் கேள். அவனுக்கு அந்த இடம் எப்படி வந்தது என்று சொல்கிற மூலப் பத்திரம் வேண்டும். அதன் மேல் கடன், வழக்கு இல்லை என்று வில்லங்கச் சான்று வேண்டும். அப்பன் சொத்தென்றால் கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி விட்டுப் போனாலும் பத்து வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுவாள். வரி ரசீது விற்கிறவன் பெயரிலேயே இருக்க வேண்டும். முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தம் எழுதாமல் கொடுக்காதே.

எல்லாவற்றையும் நகல் எடுத்து அனுப்பு. நான் கப்பல் ஏறி வர வேண்டியதில்லை. காகிதத்தை மேஜையில் வைத்தால் இங்கிருந்தபடியே வீட்டைப் பார்த்துவிடுவேன்.

பிள்ளை பெயரில் வாங்கலாம். நாகராஜ் மைனர், அதனால் நீ கார்டியனாகக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு விற்பதென்றால் கோர்ட் அனுமதி அது இது என்று இழுக்கும். உன் பெயரிலேயே வாங்கு.

அண்ணன்
சுரேந்திரன்


டெய்ரி ஃபார்ம்
1-3-2010

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். அண்ணியின் பேச்சு தொடர்வதில் சந்தோஷம்.

வீடு கிடைத்துவிட்டது! சௌல்தாரியில் ஒரு சரிவின் மேலே. மர வீடு, தகரக் கூரை. படாக் பலகை, தட்டினால் மணி மாதிரிக் கேட்கிறது. முன்னால் பலாமரம், பின்னால் காடு. நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளையைக் கூரையில் ஏற்றியும் பார்த்தேன். கடல் தெரியவில்லை! சொந்தக்காரர் பெரியதம்பி, நம்மைப் போலத் தோட்டத்து ஆள்தான். மதுரையில் மகனோடு இருக்கப் போகிறாராம். அதிகம் பேச மாட்டார். பத்திரத்தில் இருக்கிற ஓடை எங்கே என்று கேட்டேன். "கீழ" என்றார், அவ்வளவுதான்.

ஒரு சமாச்சாரம் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். இங்கே மண்ணெல்லாம் சர்க்காருடையதாம்! நமக்கு அனுபவிக்கிற உரிமைதானாம். அதை இன்னொருத்தருக்குக் கொடுப்பதற்கு டெபுடி கமிஷனர் பர்மிஷன் வேண்டுமாம். அது வந்த பிறகுதான் பதிவு, பிறகு பட்வாரி வந்து அளந்து பெயர் மாற்றம். பட்வாரி என்றால் இங்கே நிலம் அளக்கிற கிராம அதிகாரி.

நகல்களை இதோடு வைத்திருக்கிறேன்.

நாகராஜ் பெயரில் வாங்கலாமா என்று நான் கேட்கவில்லை, அண்ணா.

வசந்தா


கோத்தகிரி
20-3-2010

என் தங்கச்சிக்கு,

இங்கே நலம். மயக்கம் வரவில்லை, தலை மட்டும் சுற்றியது. காசு கொடுத்து வாங்குகிறவன் மண்ணை வாங்கவில்லை, மண்ணில் இருக்க அனுமதிதான் வாங்குகிறான் என்றால் இது என்ன ஊரம்மா! எங்கள் ஆபீசில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் காகிதம் இருக்கிறதே, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சர்க்கார் பெரியதம்பிக்கே நேராகக் கொடுத்த இடம், கூடப் பிறந்தவர் தகராறு கிடையாது. வருடம் தவறாமல் வரி கட்டியிருக்கிறார். நான்கெல்லையும் தெளிவு. வடக்கே நடைபாதைக்குத் தெற்கு, கிழக்கே விசாலாட்சி தென்னந்தோப்புக்கு மேற்கு, மேற்கே வாய்க்காலுக்குக் கிழக்கு, தெற்கே ஓடைக்கு வடக்கு. என் சர்வீசில் இத்தனை சுத்தமான காகிதத்தை விரல் விட்டு எண்ணலாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

மற்றதெல்லாம் நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்வோம். மாப்பிள்ளை கூரையிலிருந்து பத்திரமாக இறங்கினாரா?

சுரேந்திரன்


சௌல்தாரி
18-7-2010

அன்புள்ள அண்ணன், அண்ணிக்கு,

மேலே ஊர் பெயரைப் பார்த்தீர்களா? என் சொந்த வீட்டிலிருந்து எழுதுகிறேன்!

பர்மிஷன் வந்தது, பதிவு முடிந்தது. பெரியதம்பி கப்பலேறிவிட்டார். போகும்போது வீட்டுப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல மரம்மா. எங்க தூக்கி வச்சாலும் நிக்கும்" என்றார். பாவம், மனசு கேட்கவில்லை போல.

மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அலை சத்தம் மட்டும் இல்லை. கச்சாலை விட்டு வந்த பிறகு முதல் முறையாக விடியும் வரை தூங்கினேன். உங்களால்தான் அண்ணா இது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்தா, பழனியாண்டி, நாகராஜ்


கோத்தகிரி
9-8-2010

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணி அக்கம்பக்கமெல்லாம் படித்துக் காட்டிவிட்டாள். நம் குலத்தில் முதல் சொந்த வீடு உன்னுடையது. அப்பா இருந்திருந்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடியிருப்பார்.

வேலை இன்னும் முடியவில்லை. பட்வாரியை விடாதே. மனுக் கொடுத்து, வரவழைத்து, நாலு மூலையிலும் கல் ஊன்று. கல் இல்லாத இடம் தாலி கட்டாத கல்யாணம். அக்கம்பக்கத்தார் எதற்கு இதெல்லாம் என்பார்கள், காதில் வாங்காதே.

நாகராஜுக்குக் கணக்குப் புத்தகம் ஒன்று பார்சலில் வருகிறது.

சுரேந்திரன்


சௌல்தாரி
14-9-2010

அண்ணா,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பட்வாரி வந்தார். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். "ஆயியே" என்று எங்களைக் கூப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கினார். முதல் கல்லை அங்கிருந்து ஊன்றுவார் போலிருக்கிறது என்று நாங்களும் பின்னாலேயே போனோம். பலாமரம் தாண்டினார். நடைபாதை தாண்டினார். இன்னும் கீழே போனார். என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டுப் போனேன். மேலேயிருந்து பார்த்தால் மரங்கள் மறைக்கிற ஓரிடத்தில் நின்றார். எதிரே தண்ணீர். தண்ணீரில் தலை போன தென்னை மரங்கள் மொட்டை மொட்டையாக நிற்கின்றன. பேனாவை நீட்டி, "யஹி ஹை, பஹன்ஜி" என்றார், இதுதானாம்.

"எது?" என்று கேட்டேன்.

"ஆப்கா ஜமீன்" என்றார். என் நிலமாம்!

குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு! கடல் தெரியாத வீடு கேட்ட நான் கடலையே வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணா!

"அப்ப மேல இருக்கிற வீடு?" என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டார். "வோ தோ ஜங்கல் ஹை" என்றார் பட்வாரி. வீடு நிற்பது காட்டு இலாகாவின் இடத்திலாம். உங்கள் மாப்பிள்ளை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுனாமி அன்றைக்குப் பூமி அதிர்ந்தபோது வடக்கே திக்லிபூர்ப் பக்கம் நிலம் மேலே வந்ததாம், இந்தப் பக்கம் கீழே இறங்கியதாம். ஓடை வழியாகக் கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவே இல்லை. பெரியதம்பி வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். பழைய வீட்டின் சிமெண்ட் படி ஒன்று தண்ணீருக்குள் இன்னும் இருக்கிறது, பார்த்தேன். பட்வாரியின் வரைபடம் அதற்கு முந்தையது. அதில் தண்ணீர் இல்லை.

பக்கத்து வீட்டு விசாலாட்சியிடம் ஓடினேன். அவள் சாதாரணமாகச் சொல்கிறாள்: "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம். இங்க எல்லாருக்கும் காயிதம் கீழ, வீடு மேல."

ஷீலாவின் பணம், அண்ணா. என் பிள்ளையை எடுத்துக்கொண்ட கடலுக்கே அவளுடைய பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உடனே பதில் எழுதுங்கள்.

வசந்தா


சௌல்தாரி
20-10-2010

அண்ணா,

ஒரு மாதம் தாண்டிவிட்டது, பதில் இல்லை. காகிதத்தை வைத்தே வீட்டைப் பார்த்துவிடுவேன் என்று எழுதின கைக்கு என்ன வந்தது?

காட்டு இலாகா நோட்டீஸ் ஒட்டிவிட்டது. எனக்கு மட்டுமல்ல, இந்த வரிசைக்கே. அளக்க வந்தவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டார். நேற்று விசாலாட்சி வாசலில் நின்று கத்தினாள். "ஒனக்குக் கல்லு ஊன்ற ஆசை, எங்க எல்லாருக்கும் நோட்டீஸா?" அவள் கேட்பதில் என்ன தப்பு? அவர்களாவது சுனாமியில் இடம் போனவர்கள், மாற்று இடம் கேட்டு மனுக் கொடுக்கிறார்கள். நான் பிறகு வந்து தண்ணீரை வாங்கினவள். எனக்கு அந்த மனுவும் கிடையாது.

பொங்கலுக்குள் வீட்டை எடுத்துவிட வேண்டுமாம்.

அண்ணிக்கு என் அன்பு.

வசந்தா


கோத்தகிரி
28-11-2010

என் தங்கச்சி வசந்தாவுக்கு,

பேனா எடுக்க வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்தேன். உன்னுடைய மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "பின்னால் காடு" என்று எழுதியிருக்கிறாய். பத்திரத்தின் நான்கெல்லையில் காடே இல்லை. இரண்டும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. முதல் நாள் வேலைக்கு வருகிறவன் கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை.

மதுரைக்குப் போனேன். தெருத் தெருவாக விசாரித்துப் பெரியதம்பியைப் பிடித்துவிட்டேன். சட்டையைப் பிடிக்கிற கோபத்தில்தான் போனேன். அவர் நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். "ஏன்யா தண்ணிய வித்த?" என்று கேட்டேன். மனுஷன் முழிக்கிறார்.

"வீட்டப் பாத்தாங்க, புடிச்சிருக்குன்னாங்க. காயிதம் கேட்டாங்க, குடுத்தேன். ரெண்டும் ஒரே எடத்துல இருக்கான்னு யாரும் கேக்கலீங்களே. அங்க எல்லாரும் அப்படித்தானுங்க இருக்கோம்."

"தண்ணிக்கு ஏன் வருஷா வருஷம் வரி கட்டுன?"

"கட்டலைன்னா நெலம் போயிருமுல்ல?"

அவர் ஏமாற்றவில்லை, வசந்தா. பணத்தை இன்னும் செலவு செய்யவில்லை, திருப்பித் தந்துவிடுகிறேன் என்று மகன் முன்னாலேயே சொன்னார். நீ கிரயத்தை ரத்து செய்தால் போதும்.

ரத்துப் பத்திரம் எழுதி, அனுமதி மனுவும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அந்தப் பணம் முழுசாக உன் கைக்கு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் அண்ணன்
சுரேந்திரன்


டெய்ரி ஃபார்ம்
10-1-2011

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். சோறு இறங்கவில்லை என்று பட்டினி கிடக்காதீர்கள், அண்ணியின் சாபம் எனக்கு வேண்டாம்.

வீட்டைக் கழற்றிவிட்டோம். பலகைக்குப் பலகை நாகராஜ் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டான். கணக்கு வராத பிள்ளை ஒரு பலகையைக் கூடத் தப்பாகப் போடவில்லை! விசாலாட்சி முறைத்துக்கொண்டே வந்து ஒரு முனையைப் பிடித்தாள். அவர்களுக்கு மாற்று இடத்துக்குப் பேச்சு நடக்கிறது, அதனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டெம்போவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தோம். ரஹ்மத்துன்னிசா அக்கா பின்கட்டு இடத்தைக் காட்டி, "மண்ணுக்கு மட்டும் கிராயா குடு வசந்தா, வீடுதான் ஒன்னோடதாச்சே" என்று சொல்லிவிட்டார். மரம் எனக்கு, மண் வாடகைக்கு. பெரியதம்பி சொன்ன மாதிரி, தூக்கி வைத்த இடத்தில் நிற்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

டிசம்பர் 26 அன்று நான் மட்டும் சௌல்தாரிக்குப் போனேன். தண்ணீர் வற்றியிருந்தது. அந்தச் சிமெண்ட் படி வெளியே தெரிந்தது. போய் உட்கார்ந்தேன். மறுபடி தண்ணீர் ஏறி இடுப்பு வரை வந்தது. ஆறு வருடமாகக் கடல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அன்றைக்கு எழுந்து ஓடவில்லை.

ஷீலா கிடைக்கவே இல்லை, அண்ணா. புதைத்த இடம் இருந்தால் ஒரு பூ வைக்கலாம். எனக்கு எது இருக்கிறது? கச்சாலுக்குத் திரும்பிப் போக மனசு வராது. எந்தக் கரையில் நின்று அழுதாலும் யாராவது வந்து, என்னம்மா, எழுந்து வீட்டுக்குப் போ என்பார்கள். அந்தப் படியில் அப்படி ஒருத்தரும் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் என் பெயர் ஏறியிருக்கிறது. எல்லாக் கடலும் ஒரே கடல்தானே? அவள் இருக்கிற இடத்தில் எனக்கும் ஒரு மூலை இருக்கட்டும். வரி நான் கட்டுகிறேன்.

பணம் போகிறதே என்று உங்கள் மாப்பிள்ளையும்தான் கத்தினார். படியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவரும் அதில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு சரி என்றார்.

பிள்ளையின் பெயரில் வாங்க முடியுமா என்று முதல் கடிதத்தில் கேட்டேன். எந்தப் பிள்ளையைக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாகராஜுக்குப் பதில் எழுதினீர்கள். அந்தப் பணம், அந்தப் பணம் என்றுதான் எழுதுகிறீர்கள். ஒரு வருடமாக ஒரு கடிதத்தில் கூட அவள் பெயரை நீங்கள் எழுதவில்லை.

எனக்குப் பிறகு அந்த இடம் நாகராஜுக்கு என்று ஓர் உயில் எழுதி அனுப்புங்கள். இந்த முறை நான்கெல்லையைச் சரியாக எழுதுங்கள். காகிதமும் இடமும் ஒன்றாக இருக்கட்டும்.

வசந்தா


கோத்தகிரி
2-2-2011

என் தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் படித்து முதலில் திடுக்கிட்டுப் போனேன். கைக்கு வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லித் தண்ணீரை வைத்துக்கொள்கிறவளை என் சர்வீசில் பார்த்ததில்லை. பைத்தியமா இவளுக்கு என்று அண்ணியிடம் கத்தினேன். அவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பெயரை எழுதினால் உனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். அது பொய். எழுதினால் எனக்குத் தாங்காது, அதுதான் நிஜம். என் தோளில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கின பிள்ளை.

உயில் இதோடு இருக்கிறது. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, நீ இருக்கும்வரை எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதுமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். ரஹ்மத்துன்னிசா அக்காவையும் விசாலாட்சியையும் சாட்சியாகப் போட்டுக்கொள்.

பழைய பத்திரத்தில் தெற்கே ஓடை என்று இருந்தது. அந்த ஓடை இப்போது இல்லை. அடுத்த இடத்துக்காரர் பெயர் தெரிந்தால் அதைத்தான் எழுத வேண்டும், எங்கள் தொழிலில் முறை அதுதான். அதன்படியே எழுதியிருக்கிறேன். சொத்து விவரத்தை நிதானமாக ஒரு முறை படித்துப் பார். தப்பிருந்தால் சொல்.

அண்ணன்
சுரேந்திரன்

சொத்து விவரம்:

தெற்கு அந்தமான், சௌல்தாரி கிராமத்தில், வசந்தகுமாரியாகிய எனக்குக் கிரயத்தின் மூலம் பாத்தியப்பட்ட, தற்சமயம் கடல்நீர் நிற்கிற நிலமும் அதிலுள்ள சிமெண்ட் படி ஒன்றும். இதற்கு நான்கெல்லையாவது:

வடக்கே நடைபாதைக்குத் தெற்கு,
கிழக்கே விசாலாட்சியின் பட்டுப்போன தென்னந்தோப்புக்கு மேற்கு,
மேற்கே மூழ்கிப்போன வாய்க்காலுக்குக் கிழக்கு,
தெற்கே பழனியாண்டி மகள் ஷீலாவுக்குப் பாத்தியமான கடலுக்கு வடக்கு.